டெய்சி இராசம்மா: நமது அரங்க வரலாற்றில் விடுபட்ட ஒரு பெயர்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றைக் கற்கும் மாணவர்க்கு ஒரு வழித்தடம் நன்கு பழக்கமானது. கூத்து மரபிலே தொடங்கி, கலையரசு சொர்ணலிங்கம் முதலியோரின் சபாக் காலத்தைக் கடந்து, பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் பேச்சுத்தமிழ் நாடகங்களைத் தொட்டு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் மேடையேற்றிய ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றினூடாக நவீன நாடகத்தை வந்தடைவது அவ்வழி. விரிவுரைகள் அவ்வழியே செல்கின்றன. பரீட்சை வினாக்களும் அவ்வழியே வருகின்றன. அவ்வழியிற் கொழும்புக்கு உள்ள இடம் சிறிது. கொழும்பிற் பிறமொழி மேடையேறிய தமிழ்ப் பெயர்களுக்கு இடமே இல்லை.

இதனை யான் உணர்ந்தது ஒரு கேள்வியினாலேயாகும். சிங்களச் சினிமா பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த சிங்களத்துறை நண்பி ஒருத்தி, நூலகப் படிக்கட்டிலே என்னை நிறுத்தி, “ருக்மணி தேவி உங்களவர் அல்லவா? உங்கள் நூல்களில் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?” என்று வினவினாள். உடனே விடைகூற இயலவில்லை. எமக்குப் பாடநூல்களாக அமைந்தவற்றைப் புரட்டிப் பார்த்தேன். அவற்றில் அவருக்கென ஒரு பக்கமும் இல்லை. சிங்களச் சினிமாவின் முதற் கதாநாயகி எனவும் ‘இலங்கையின் வானம்பாடி’ எனவும் நாடறிந்த ஒருவரைப் பற்றி, அவரது பெயரிலே தமிழ் இருந்தும், நாம் ஏன் எழுதாது விட்டோம்? இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து எழுந்தது.

1923 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதி மலையகத்து இறம்பொடையிலே அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ். குடும்பம் கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பம். கொழும்பிலே வளர்ந்த அவர் வெள்ளவத்தையிலுள்ள சென். கிளேயர்ஸ் கல்லூரியிற் கல்வி பயின்றார். அக்கல்லூரி இருக்கும் வழியே நாள்தோறும் பல்கலைக்கழகத்துக்கு வரும் நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்?

கொழும்புச் செட்டிகள் யாவர் என்பதை இங்குச் சற்று விளக்குதல் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் பெரும்பாலும் கிறித்தவராகிய சமூகத்தினர் இவர்கள். கொட்டாஞ்சேனையை அடுத்த ஜிந்துப்பிட்டியிலுள்ள புனித தோமையார் ஆலயம் இவர்களது வரலாற்றோடு பிணைந்தது. 1859 இல் ‘தமிழ் புளூராக்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டுத் தமிழ்ப் புலவர் வரலாற்றை உலகறியச் செய்த சைமன் காசிச்செட்டியையும் இச்சமூகத்தவராகவே கொள்வர். ஆயினும் காலப்போக்கில் ஆங்கிலமும் சிங்களமும் இவர்களின் வீட்டுமொழிகளாயின. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும் இலங்கைத் தமிழர் என்ற பிரிவினுள் அடங்காது, இலங்கைச் செட்டி எனத் தனிப்பிரிவாகவே குறிக்கப்பட்டனர். எனவே “உங்களவர் அல்லவா?” என்ற கேள்விக்கு “ஆம்” என்று உடனே கூறுதலும் வரலாற்றுக்குப் பொருந்தாது. இராசம்மா என்ற பெயர் தமிழ்ப் பெயர். அதனை இட்ட குடும்பமோ இரு கரைகளுக்கும் இடையில் வாழ்ந்த குடும்பம்.

பன்னிரண்டு வயதளவில் அச்சிறுமி டிக் டயஸின் ‘இராமாயணய’ என்னும் சிங்கள நாடகத்திற் சீதையாக மேடையேறினாள். சில ஆண்டுகளில், எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து ‘சிறி புத்தகயா விகாரே’ என்னும் பாடலை இசைத்தட்டிற் பாடினாள். தமிழ்ப் பெயர் தாங்கிய கிறித்தவச் சிறுமி புத்தகயாவின் பெருமையைச் சிங்களத்திற் பாட, அதனைப் பௌத்த இல்லங்கள் விரும்பிக் கேட்டன. இதனை முரண்பாடாகக் காண்பது நமது காலத்தின் கண். அக்காலத்துக் கொழும்பு மேடையை அறிந்தோர்க்கு இதில் வியப்பேதும் இராது.

அம்மேடையின் இயல்பினைச் சிறிது விரித்துரைத்தல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பனிகள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஒரே வகையான பாதிப்பினை ஏற்படுத்தின. தீட்டப்பட்ட திரைச்சீலைகள், ஆர்மோனியம், பாத்திரம் தோன்றியவுடன் பாடும் பாட்டு, ஹிந்துஸ்தானி மெட்டு ஆகியன இரு நாடுகளிலும் பரவின. தமிழகத்தில் அவ்வலையை உள்வாங்கி இசை நாடகத்தைச் செப்பனிட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். கொழும்பிலே சிங்கள நூர்த்தியை வளர்த்தவர் ஜோன் த சில்வா. இருவரும் ஒரே ஆண்டிலே, 1922 இல், காலமாயினர் என்பது தற்செயலே. எனினும் நினைவிற் கொள்ளத்தக்க தற்செயல். மருதானையில் 1911 இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் நூர்த்தி பார்த்த சிங்களவரும், இந்திய நாடகக் குழுக்களின் ‘வள்ளி திருமணம்’ பார்த்த தமிழரும் கண்டது உறவுமுறையான இரு கலைகளையே. கதை வேறு, மொழி வேறு. ஆனால் திரையும் ஆர்மோனியமும் ஒன்றே. யாழ்ப்பாணத்துக் கூத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு எழுதும்போது இவ்வுறவு கண்ணிற் படாது. கொழும்பைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டால் இதனைத் தவிர்க்கவே முடியாது.

இனி, சற்றுக் கசப்பான ஒரு செய்திக்கு வருவோம். பாடவும் நடிக்கவும் வல்ல இராசம்மா என்னும் சிறுமி முப்பதுகளில் ஒரு தமிழ் மேடையை நாடியிருந்தால் அவளுக்கு அங்கே இடம் இருந்திருக்குமா? இருந்திராது என்பதே எனது முடிபு. நமது சபாக்கள் கற்றோரின் சபாக்கள். பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு, நாடகம் கூத்தாடிகளின் தொழில் என்ற இழிசொல்லை நீக்க அவை பாடுபட்டன. அப்பணி பெரிது, அதனைக் குறைத்துக் கூறல் நன்றியன்று. ஆயினும் அந்த மதிப்பினைக் காக்க அவை கொடுத்த விலை பெண்களை மேடைக்கு வெளியே நிறுத்தியதாகும். ஆடவரே பெண் வேடந் தாங்கினர். அவ்வேடத்தின் சிறப்பைப் புகழ்ந்து நாம் இன்றும் எழுதுகின்றோம். அதே காலத்திற் கொழும்பு மேடையிலே தமிழ்ப் பெண்கள் தோன்றாமலும் இல்லை. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் இருபதுகளின் நடுப்பகுதியிற் கொழும்பில் இணைந்து மேடையேறியதும், பின்னர் மணம் புரிந்ததும் தமிழ் நாடக உலகு அறிந்த வரலாறு. ஆனால் அவர் கடல் கடந்து வந்த கலைஞர். காசு கொடுத்துப் பார்த்துக் கைதட்டிய கொழும்புத் தமிழ்க் கனவான்கள் தங்கள் புதல்வியரை அம்மேடையிற் கற்பனை செய்தும் பார்த்திரார்.

சிங்கள மேடையிலும் நடிகையர்க்கு முழு மதிப்பு இருந்ததென யான் கூறவரவில்லை. அங்கும் ஏச்சும் பேச்சும் இருந்தன. ஆனால் டவர் மண்டபக் காலத்திலேயே ஆனி பொதேஜு போன்ற நடிகையர் பெயர் பெற்றிருந்தனர், கதவு திறந்திருந்தது. நமது பெண்கள் பெருமளவில் நடிக்க வந்தது வானொலி நாடகத்தின் வழியாகத்தான். அங்கே குரல் மட்டுமே வெளியே செல்லும், முகம் வீட்டிலே இருக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

மேடைக்கு வந்தவள் பெயரை மாற்றிக்கொண்டாள். ருக்மணி தேவி என்ற பெயர் ஆராய்தற்குரியது. அது சிங்களப் பெயரன்று, கிறித்தவப் பெயருமன்று. கண்ணனின் தேவியாகிய உருக்குமணியின் பெயர். பம்பாய், கல்கத்தாத் திரைப்படங்களின் தேவிகள் கோலோச்சிய காலத்தில் மேடைக்கும் சுவரொட்டிக்கும் ஏற்ற பெயர். எம்மதத்தவரும் எம்மொழியினரும் தமதெனக் கருதக்கூடிய பெயர். டெய்சியும் இராசம்மாவும் டானியல்ஸும் அதனுள்ளே மறைந்தனர். எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் மதுரையும் அன்னை சண்முகவடிவும் முதலெழுத்துகளாகவேனும் எஞ்சி நின்றனர். இவருக்கு அதுவும் எஞ்சவில்லை.

நாற்பதுகளில் அவர் நீர்கொழும்பின் மினர்வா நாடகக் குழுவிற் சேர்ந்தார். அதனை நடத்தியவர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன. அவரது தம்பியும் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவை ருக்மணி காதலித்தார். வீட்டாரின் எதிர்ப்பை மீறி மணம் புரிந்தார். மினர்வாவின் நாடகங்கள் நூர்த்தியின் புராண அரசர்களை விட்டு, சமகால மத்தியதர வர்க்க வீடுகளின் கதைகளைக் கூறின. பணக்கார வீடு, ஏமாற்றும் உறவினன், காத்திருக்கும் காதலி, சிரிக்க வைக்கும் வேலைக்காரன் என்ற வாய்பாடு இன்று நகைப்புக்கிடமாகலாம். அன்று மக்கள் அதனைத் திரளாகப் பார்த்தனர். அந்நாடகங்களுள் மிகவும் புகழ்பெற்றது ‘கடவுனு பொரொந்துவ’, அதாவது ‘மீறப்பட்ட வாக்குறுதி’.

இதனைத் திரைப்படமாக்க முன்வந்தவர் எஸ். எம். நாயகம். இவர் மதுரையைச் சேர்ந்த தமிழர். இலங்கையில் வணிகம் புரிந்தவர். மதுரையிலே சித்ரகலா மூவிடோன் என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நடத்தியவர். நீர்கொழும்பு நாடகக் குழு அங்கே சென்றது. ஜோதிஷ் சிங் என்னும் இந்தியர் நெறியாள்கை செய்தார். ஆக, சிங்கள மொழியின் முதற் பேசும்படம் மதுரையிலே, தமிழரின் முதலீட்டில், கொழும்புச் செட்டிப் பெண்ணைக் கதாநாயகியாகவும் நீர்கொழும்புக் கத்தோலிக்கரைக் கதாசிரியராகவும் நகைச்சுவை நடிகராகவும் கொண்டு உருவாயிற்று. 1947 ஜனவரி 21 ஆம் திகதி கொழும்பு மைலன் படமாளிகையில் அது திரையிடப்பட்டது. ரஞ்சனி என்னும் பாத்திரத்தில் நடித்த ருக்மணி தேவி தம் பாடல்களைத் தாமே பாடினார். நாடு சுதந்திரம் பெற இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது.

அவ்வாண்டிலேயே வெளிவந்த இரண்டாவது சிங்களப் படமான ‘அசோகமாலா’வும் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்ரூடியோவில் எடுக்கப்பட்டதே. பின்னர் நாயகம் கந்தானையிலே தமது படப்பிடிப்பு நிலையத்தை அமைத்து, அதற்கு ஸ்ரீ முருகன் நவகலா எனப் பெயரிட்டார். சிங்களச் சினிமா முருகன் பெயர் தாங்கிய கூடத்திலே தவழ்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் ஒரு புன்னகை வருகின்றது. படமாளிகைத் துறையில் 1928 இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சிற்றம்பலம் கார்டினர், சினிமாஸ் நிறுவனத்தின் கே. குணரத்தினம், இசைத்துறையில் ஆர். முத்துசாமி, சேலத்திலிருந்து வந்த மொகிதீன் பெக் என இப்பட்டியல் நீளும்.

இத்தகைய பட்டியல்களை நாம் சில வேளைகளில் மேடைப் பேச்சுகளிற் கேட்கின்றோம். “சிங்களச் சினிமாவைப் படைத்தவர் தமிழரே” என்று முடித்துக் கைதட்டல் பெறுவர். அந்தக் கைதட்டலில் எனக்கு உடன்பாடில்லை. முதலிட்டவர் தமிழர், பாடியவர் இராசம்மா என்பதனால் அப்படங்கள் தமிழ்ப் படங்கள் ஆகிவிடா. அவற்றைச் சிங்களச் சினிமாவாக்கியவர்கள் அவற்றைத் தமதெனக் கொண்ட பார்வையாளர்களும், அம்மொழியிலே வசனமும் பாட்டும் எழுதியவர்களுமாவர். அன்றியும், நாயகமும் குணரத்தினமும் சிங்களப் படங்களை எடுத்தது அதற்கு இந்நாட்டிலே ஒரு சந்தை இருந்தமையாலேயே. தமிழ்ப் படத்துக்கான சந்தையைச் சென்னை நிரப்பிவிட்டது. இலங்கையிலே தமிழ்ப் படங்கள் ‘சமுதாயம்’, ‘தோட்டக்காரி’ என அறுபதுகளின் தொடக்கத்தில்தான் வரலாயின. அப்பொழுது ருக்மணி தேவி நாற்பது வயதை அண்மித்துவிட்டார். தமிழ் மேடையும் தமிழ்த் திரையும் அவருக்குத் தர இயலாததைச் சிங்கள மேடையும் திரையும் தந்தன. அந்தக் கொடையைப் பிற்காலத்தில் வந்து நம் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் முறையாகாது.

1947 முதல் ஏறக்குறையப் பத்தாண்டுகள் அவரது பொற்காலம். ‘கபட்டி ஆரக்ஷகயா’, ‘ஹதிசி வினிச்சய’ எனப் படங்கள் தொடர்ந்தன. வானொலியில் அவரது குரல் எங்கும் ஒலித்தது. ‘மல்பர ஹிமிதிரியே’ என்னும் பாடலைக் கேட்டோர் அக்குரலின் தன்மையை அறிவர். மெல்லிய கீச்சுக் குரலன்று அது. மார்பிலிருந்து எழும், சற்றுக் கனத்த, சொல்லை விழுங்காத குரல். ஒலிவாங்கியின்றி மண்டபத்தின் கடைசி வரிசையை எட்டப் பழகிய மேடைக்காரியின் குரல். நடிப்பிலும் அம்மேடையே தெரிந்தது. கமராவை மறந்து, எதிரே ஆயிரம் பேர் இருப்பதாக எண்ணிப் பேசுவார். அது குறை என்பர் திறனாய்வாளர். அக்காலப் படங்களுக்கு வேறு நடிப்பு முறை எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லல் நேர்மை.

1956 ஆம் ஆண்டு எல்லாவற்றையும் மாற்றியது. நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. டிசம்பரில் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ திரைக்கு வந்தது. முன்னையது கிராமிய நாடகத்திலிருந்து தேசிய அரங்கொன்றைக் கண்டது. பின்னையது கமராவைக் கூடத்துக்கு வெளியே வெயிலுக்குக் கொண்டுசென்றது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியிருந்தது. இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது. கலைப் படைப்புக்கும் சட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு வேட்கை இருந்தது: கலப்பற்ற, வேரிலிருந்து எழுந்த ஒன்றைத் தேடும் வேட்கை. நம் பக்கத்திலும் அதே வேட்கை பிறந்தது. கூத்தைத் தேடி மட்டக்களப்புக் கிராமங்களுக்கு நாமும் சென்றோம். சிறந்த நாடகங்களைப் பெற்றோம். பார்சி மெட்டும் மதுரைப் படப்பிடிப்பும் செட்டிப் பெயரும் கலந்த கொழும்பு மேடை இரு சாராருக்கும் சற்று நாணத்துக்குரியதாயிற்று. ருக்மணி தேவிக்கு அவ்வாண்டு வயது முப்பத்துமூன்று. ‘பழைய பாணி’ என்ற முத்திரை அவர்மீது விழுந்தது.

படவாய்ப்புகள் குறைந்தன. அவர் இசை நிகழ்ச்சிகளிலும் களியாட்ட விழாக்களிலும் பாடிப் பிழைக்க வேண்டியவரானார். எந்தத் திரைப்பட மரபு அவரைப் பழமையாக்கியதோ, அந்த மரபின் முன்னோடியாகிய லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸே பின்னர் ‘அஹஸின் பொலவட்ட’ என்னும் படத்தில் அவருக்கு ஒரு துணைப்பாத்திரம் அளித்தார். தக்க நெறியாளர் கையிற் கிடைத்திருந்தால் அவர் இன்னும் எத்தனை பாத்திரங்களைச் செய்திருப்பார் என்ற ஏக்கத்தை அது ஏற்படுத்துவது.

1978 ஒக்டோபர் 28 ஆம் திகதி. மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றிற் பாடிவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஜா-எலைக்கு அண்மையிலுள்ள துடெல்லவில் அவர் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாயிற்று. ஐம்பத்தைந்து வயதிலும் இரவோடிரவாக நீண்ட வழி பயணஞ் செய்து பாட வேண்டியிருந்தது நாட்டின் முதல் திரைநாயகிக்கு. மக்கள் திரண்டு வந்து அவரை வழியனுப்பினர். எடி ஜயமான்ன 1981 இற் காலமானார்.

அவர் மறைந்து ஐந்தாண்டுகள் நிறையுமுன்னர் ஹெந்தளையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களின் மூலச் சுருள்கள் பல அதனுள்ளே அழிந்தன. சிங்களப் படங்களை நெறியாள்கை செய்த கே. வெங்கட் அந்நாட்களிலேயே கொல்லப்பட்டார். தமிழரின் சொத்தென எண்ணி எரித்தவர்கள் தங்கள் மொழியின் படங்களையே எரித்தனர்.

நண்பியின் கேள்விக்கு நெடுநாள் கழித்து விடை கூறினேன். “பாதி எங்களவர், அந்தப் பாதியையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை” என்றேன். அவள் தன் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியைக் காட்டினாள். முதற் பக்கத்திலே ருக்மணி தேவி என்ற பெயர் பெரிதாக இருந்தது. டெய்சி இராசம்மா என்பது கீழே, அடிக்குறிப்பில் இருந்தது. அதை மேலே எடுத்து எழுதலாமா என்று கேட்டாள். தமிழில் எப்படி எழுதுவது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.